விரல் மட்டுந்தாங்க

இந்த எடத்துல யாராச்சும் இருக்காங்களா? இல்லீங்களா, அப்ப நான் ஒக்காந்துக்கறேன். அந்தப் பக்கம் நாற்காலி காலியாத்தான் இருக்கு, ஆனா கண்ணாடிக் கதவுக்கு நேரா போட்டிருக்காங்க. ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் நம்ம மூஞ்சி தெரியும். வெளிய போர்டு பாத்தீங்கள்ல? தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் நிபுணர். தோல் டாக்டர்னு மட்டும் எழுதினா என்னங்க கொறஞ்சு போயிரும்? தேமலுக்கு வந்தவனும் அந்த போர்டுக்குக் கீழ குனிஞ்சுதான் உள்ள வரவேண்டியிருக்கு.

உங்களுக்கு என்னங்க, படர்தாமரையா? அட, அது கௌரவமான வியாதிங்க. யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.

எனக்கில்லீங்க, எம் பொஞ்சாதிக்கு. உள்ள போயிருக்கா. போன மாசம் எனக்கு வந்துச்சு, இந்த மாசம் அவளுக்கு வந்திருக்கு. பாத்தீங்களா, இப்படிச் சொன்ன ஒடனே நீங்க ஒரு மாதிரி பாக்கறீங்க. எங்க பிரச்சனையே அதுதாங்க.

எம் பேரு அர்த்தநாரி. மேல ஏற்காட்டுல பெயிண்ட் கடை வெச்சிருக்கேன். இன்னிக்குச் சாயந்திரம் ஊருக்குத் திரும்பறப்ப நான் ரவுண்டானாவுல எறங்கி, சின்னராசு டீக்கடையில நிக்கற ஆளுங்க அத்தன பேரு முன்னாலயும் ஒரு விஷயத்தச் சொல்லியாகோணும். எம் பொஞ்சாதி தெய்வானை போட்ட கண்டிஷன். நான் சொன்னாத்தான் அவ நாளைக்கு இங்க சேலம் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற லாட்ஜுக்கு வந்து நோரிகோ அம்மாவ மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போவாளாம். சொல்லலைன்னா அந்தம்மா பாத்த வேல பூராவும் லாட்ஜ் பாத்ரூம்லயே கெட்டுப்போயிரும். பஸ்ஸுல வர்றப்ப மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். பாதியில வந்து நின்னுக்குது. நீங்க வெளியாளு, இனிமே நம்ம ரெண்டு பேரும் பாக்கப் போறதில்ல. உங்ககிட்ட ஒருக்கா முழுசாச் சொல்லிப் பாத்துக்கறேனே. டாக்டர் கூப்புட்டா நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

நோரிகோ அம்மா ஜப்பான்காரங்க. அம்பது வயசு இருக்கும். எங்க கடைக்குப் பின்னால எங்களுது ஒரு பழைய ஓட்டு வீடு இருக்குதுங்க. சுத்தி மரம். மழைக்காலத்துல செவரு ஓதம் புடிச்சுப் பச்சப் பசேல்னு ஆயிரும். யாரும் நெலையா குடியிருக்க மாட்டாங்க. துணி காயமாட்டேங்குது, அரிசியில பூஞ்ச புடிக்குதுன்னு காலி பண்ணிட்டுப் போயிருவாங்க. இந்தம்மா வந்து அந்தச் செவத்துல ரெண்டு கையையும் வெச்சுப் பாத்துட்டு, "ரொம்ப நல்லா இருக்கு"ன்னுது. நானும் தெய்வானையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

ஒரு எஸ்டேட் பங்களாவுல வெள்ளக்காரன் காலத்து ஜப்பான் பொட்டி ஒண்ணு மேல்பூச்சு உரிஞ்சு கெடந்துச்சு. அதச் சரி பண்ணத்தான் அந்தம்மாவ வரவழைச்சாங்க. அதுக்கு முன்னால ஜெர்மனியில ரொம்ப வருஷம் இருந்துச்சாம். அங்க குளிருக்கு ஹீட்டர் போட்டுப் போட்டு வீட்டுக்குள்ள காத்தெல்லாம் வறண்டுரும், வேல நெனச்சபடி வராதுன்னு சொல்லும். எங்கூரு மூடுபனியப் பாத்துருச்சு. பொட்டி வேல முடிஞ்சும் கெளம்பல. தமிழ்கூட கத்துக்கிச்சுங்க. கொஞ்சம் கொஞ்சம், ஆனா மரியாதையாப் பேசும். என்னைய "அர்த்தநாரி சார்"னுதான் கூப்புடும். எங்கூர்ல வேற யாருங்க என்னைய சார்னு கூப்புடறா? எம் மேல அடிக்கற வாடைக்கு டீக்கடையில எனக்கு டர்பன்டைன்னு பேரு.

அந்தம்மா வேல என்னன்னா, அரக்கு மாதிரி ஒண்ணு பூசறது. அரக்கு இல்ல, அது ஒரு மரத்துப் பாலு. ரப்பர் மரத்தக் கீறி எடுக்கற மாதிரி எடுப்பாங்களாம். அத மரச்சாமான் மேல பூசினா அப்படியே கண்ணாடி கெட்டுது போங்க. பூசறது, காயவெக்கறது, காஞ்சதும் கரிக்கட்டய தண்ணியில தொட்டு மெதுவாத் தேய்க்கறது, மறுபடி பூசறது. பூசினத எதுக்குங்க தேய்க்கோணும்? எங்க தொழில்ல அப்படிப் பண்ணா கஸ்டமர் அடிக்க வருவான். பிரஷ்ஷு எதுல செஞ்சதுன்னு நெனக்கறீங்க? பொம்பளைங்க தலமுடிங்க. எங்க கடையில பன்னிமுடி பிரஷ்தான் இருக்கறதுலயே ஒசத்தி.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒண்ண மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அது ஈரத்துலதான் காயுமாம். ஒரு மர அலமாரிக்குள்ள ஈரத்துணியத் தொங்கவிட்டு, பூசின சாமான அதுக்குள்ள வெச்சு மூடிரும். காயறதுக்கு! வெயிலு கூடாதாம், காத்து கூடாதாம். மழ ஓஞ்சு ரெண்டு நாள் வெயிலடிச்சா அந்தம்மா மூஞ்சி வாடிப்போயிரும். முப்பது வருஷமா பெயிண்ட் விக்கறவன்கிட்ட வந்து, மழ பெஞ்சாத்தான் காயும்னு சொன்னா எப்படிங்க? மனசு கேக்குமா? நான் அந்தம்மாகிட்ட எத்தனையோ தரம் சண்டைக்கு நின்னிருக்கேன், ஒரு நாள் எங் கடை மாடியில வெயில்ல வெச்சுப் பாருங்கன்னு. அந்தம்மா சிரிக்கும். "அலமாரி மட்டும் தொடாதீங்க சார். காயாத பால் தோலுக்கு ஆகாது"ன்னும். சேலத்துக்காரங்களுக்கு மாங்காப் பாலு தெரியாதா, ஒதட்டுல பட்டா வெந்து போகுமே, அந்த மாதிரின்னு சொல்லிருந்தா புரிஞ்சிருக்கும். சொல்லுச்சோ என்னவோ. நான் காதுல வாங்கல.

ஐப்பசி மழையில ரெண்டு சின்னக் கதவுக்கு வேல பாத்துக்கிட்டிருந்துச்சு. ஒரு முழ ஒசரம், ஏதோ பொட்டிக்கு வர்ற கதவு. மத்ததெல்லாம் விக்கறதுக்கு. இது மட்டும் அவங்க ஊருக்கு. அங்க வருஷா வருஷம் ஒரு கண்காட்சி நடக்குமாம். அந்தம்மா வெளிநாட்டுக்குப் போனதுலருந்து ஒண்ணும் அனுப்பல. வெளிய போனவ கை கெட்டுப்போச்சுன்னு கூட வேல பாத்தவங்களே பேசறாங்களாம். "என் கை இன்னும் இருக்கு. காட்டணும்"னு ஒரு நாள் கடையில வந்து சொல்லுச்சு. கைய விரிச்சுக் காட்டுச்சு. நகமெல்லாம் கருப்பு. தை பொறந்தா மூடுபனி கொறஞ்சு காத்து வறண்டுரும், அதுக்குள்ள முடிக்கோணும்னு சொல்லுச்சு. நான் டின்னுகள அடுக்கிக்கிட்டே ஊம் கொட்டினேன்.

அப்பறம் ஒரு நாளு அந்தம்மா ஏதோ வாங்கறதுக்குக் கீழ சேலத்துக்கு வந்துச்சு. எங்கிட்ட ஒரு சாவி இருக்கும்ல. ஓடு ஒழுகுதான்னு பாக்கப் போனேன். சரி, எதுக்குங்க உங்ககிட்டப் பொய்யி, அலமாரியப் பாக்கத்தான் போனேன். தொறந்தா ஜில்லுனு ஒரு வாடை. உள்ளார அந்தக் கதவு ரெண்டும் கெணத்துத் தண்ணியாட்டம் கருகருன்னு இருக்குது. எம் மூஞ்சி அதுல தெரியுது. பெயிண்டுக்காரன் எவன வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. காஞ்சிருச்சா இல்லியான்னு கண்ணால பாத்தாத் தெரியாது. எங்களுக்கெல்லாம் கை தன்னால போயிரும். பெயிண்ட் அடிச்ச கேட்டு வாசல்ல நான் ஒருநாளும் தொடாமத் தாண்டினதில்ல. விரல வெச்சேன். சாமி சத்தியமா விரல் மட்டுந்தாங்க. இந்த ஆள்காட்டி விரலு.

ஒட்டுச்சுங்க.

அது கடைசிப் பூச்சாம். அதுக்கு மேல தேய்க்கறதில்லையாம், பிரஷ் விட்டபடியே விட்டுருவாங்களாம். எனக்கென்ன தெரியும்? மூடிட்டு வந்துட்டேன். கையில பழுப்பா கறை. தின்னர் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், போகல. எங் கடையில இல்லாத தின்னரா? அப்பறம் வேல பாத்தேன், பீடி குடிச்சேன், மூஞ்சியத் தொடச்சேன், கடைக்குப் பின்னால ஒண்ணுக்குப் போனேன். ஒரு மனுசன் ஒரு நாள்ல கைய எங்கெங்க வெப்பான்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதில்லீங்க.

சாயந்திரம் அந்தம்மா கூப்புட்டுச்சு. போனேன். கதவக் காட்டுச்சு. நடுமத்தியில எம் விரலு, ரேகையோட. யாரோ வந்திருக்காங்கன்னுது. எனக்கு வேற ஒண்ணும் தோணல. "கொரங்குங்க. ஓட்டப் பிரிச்சு எறங்கிருக்கும். இந்த மலையில கொரங்குத் தொல்ல தாங்கல"ன்னேன். அந்தம்மா கதவப் பாத்துச்சு, எங் கையப் பாத்துச்சு. நான் கைய வேட்டிக்குள்ள சுருட்டிக்கிட்டேன். கோவப்படலீங்க. சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலை. மெதுவா, "கொரங்கைப் பாத்தா சொல்லுங்க சார். எண்ணெய் தேச்சுக் கழுவச் சொல்லுங்க. மூஞ்சியத் தொட வேண்டாம்னு சொல்லுங்க"ன்னுது. கொரங்குக்கு எவன் எண்ணெ தேய்ப்பான்னு நான் சிரிச்சேன். அது சிரிக்கல. விளக்கைக் கிட்ட வெச்சுக்கிட்டு அந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பூரா தேச்செடுத்துட்டு மறுபடியும் பூசோணும்னு பின்னால தெரிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டாம் நாளு எந்திரிச்சா கண்ணத் தொறக்க முடியல. மூஞ்சி பூசணிக்கா மாதிரி. அரிப்புன்னா அரிப்பு, சொறிஞ்சா எரிச்சல். மூஞ்சியோட நின்னிருந்தா பரவால்ல. படக்கூடாத எடத்துலயும் பட்டிருச்சு. ஆம்பளைக்கு ஆம்பள, அதுக்கு மேல சொல்ல வேண்டாம் பாருங்க. தெய்வானைகிட்டயே ரெண்டு நாளு மறச்சேன்னா பாத்துக்கங்க. அந்தம்மா கடைக்கு வந்து எம் மூஞ்சியப் பாத்ததும் ஓரமாக் கூப்புட்டு, "இது என் மரப்பால் சார். எனக்கும் மொதல்ல வந்துச்சு. வெக்கம் வேண்டாம். டாக்டர்கிட்ட மரப்பால்னு சொல்லுங்க"ன்னுச்சு. கொரங்கப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. எனக்கு அப்பவே கூசிப்போச்சுங்க. ஆமாம்மா நாந்தான்னு அங்கயே சொல்லிருக்கலாம். தலைய மட்டும் ஆட்டினேன்.

மொத பஸ்ஸப் புடிச்சு இங்க வந்தேன். யாரும் அடையாளம் கண்டுக்கக் கூடாதுன்னு மங்கி கேப்பப் போட்டு மஃப்ளரச் சுத்திக்கிட்டு. மலையில அது வழக்கம். சேலத்து வெயில்ல மங்கி கேப்போட ஒருத்தன் நடந்தா ரோடே திரும்பிப் பாக்குமேன்னு அறிவு வேண்டாமா? டாக்டர்கிட்ட சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொன்னேன். அவரு களிம்பு குடுத்தாரு. வெளிய வர்றேன், நேரெதுத்தாப்புல சின்னராசு. கடைக்கு பிஸ்கட் டப்பா எடுக்க வந்திருக்கான். என்னையப் பாத்தான். நிமுந்து போர்டப் பாத்தான். தலையாட்டிட்டுப் போயிட்டான்.

மறுநாள் டீக்கடையில போயி நின்னா அத்தன பேரும் என்னையவே பாக்கறாங்க. ஒருத்தன் பெஞ்சுல எடம் விடறான். முப்பது வருஷமா அந்தக் கடையில நான் நின்னுக்கிட்டுத்தாங்க டீ குடிச்சிருக்கேன். சின்னராசு கேக்காமயே ஏலக்காய் போட்டு ஒரு டீய நீட்டறான். நீட்டிட்டு, "ஏண்ணே, ஜப்பான் வரைக்கும் போயிட்டு வந்துட்டீங்களாமே"ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. "ஊமையாட்டம் இருந்துக்கிட்டு அண்ணன் லேசுப்பட்ட ஆளில்லடா"ங்கறான் இன்னொருத்தன்.

நான் சிரிச்சேன்.

லேசாத்தாங்க. பல்லுகூடத் தெரிஞ்சிருக்காது. அப்ப வேற என்ன பண்றது சொல்லுங்க? சண்டைக்கா போறது? கூட்டத்துல ஒருத்தன் கிண்டல் பண்ணா நாமளும் சிரிச்சுட்டு நகர்றதுதானே நாகரிகம். நான் ஆமான்னு சொல்லல. இல்லைன்னும் சொல்லல. அவ்வளவுதான். தெய்வானைகிட்டயும் இதத்தான் சொன்னேன், சும்மா சிரிச்சேன்னு.

அன்னிக்கு டர்பன்டைன்னு ஒருத்தனும் கூப்புடலீங்க.

அதுலருந்து தினமும் பெஞ்சுல எடம். யாராச்சும் ஒருத்தன், "அப்பறம் அண்ணே, ஜப்பான்ல என்ன விசேஷம்"னு ஆரம்பிப்பான். நான் டீய ஊதிக்கிட்டே இருப்பேன். ஒரே ஒரு நாளு... இது தெய்வானைக்குத் தெரியாதுங்க, உள்ள காது கேக்காதுல்ல? ஒரு நாளு மட்டும், "அதெல்லாம் சபையில சொல்ற விஷயமாப்பா"ன்னேன். வாயில வந்துருச்சு. கூரை பறக்கற மாதிரி சிரிச்சாங்க. வீட்டுக்கு நடக்கறப்ப எனக்குக் காலு தரையில பாவலீங்க. அம்பத்தாறு வயசுல. இப்ப நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது. இத சாயந்திரம் சொல்லோணுமா? சிரிச்சேன்னு சொன்னாப் போதும்ல?

அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா பால் ஊத்தற பொம்பள வர்றத நிறுத்திட்டா. பஸ் ஸ்டாப்புல நின்னா ஆம்பளைங்க செருமறானுங்க. கேட்டுல கரியால எவனோ கன்னாபின்னான்னு கிறுக்கிட்டான். நல்லவேளை, அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நானே போயி பெயிண்ட் அடிச்சு மறச்சேன். எங் கடைப் பெயிண்டு. அந்தம்மா அதுக்கு நன்றி சொல்லுச்சு.

ஒரு நாளு கடைக்கு வந்துச்சு. ஆளில்லாத நேரம். "சார், எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? இந்த ஊர்ல செய்யக் கூடாதது ஏதாவது?"ன்னு கேட்டுச்சு. நெசமாவே தெரியாமக் கேக்குதுங்க. ஒருவேள செருப்புப் போட்டுக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டனோ, எடது கையால காசு குடுத்துட்டனோன்னு யோசிக்குது. எம் மூஞ்சியில அந்த வீக்கம்கூட இன்னும் முழுசா வடியல. நான் கல்லாவத் தொறந்து மூடினேன். "அதொண்ணுமில்லம்மா, மலைக்காரங்க அப்படித்தான், சும்மா சிரிப்பாங்க"ன்னேன். சரின்னு போயிருச்சு. அதுக்கப்பறம் கடைக்கு வரலீங்க.

தெய்வானை காதுக்கு எப்படியும் போகும்ல, போச்சு. ஈரோட்டுல குடுத்திருக்கற எங்க பொண்ணோட மாமியாரே போன்ல கேட்டுருக்காங்க. நான் எல்லா உண்மையும் சொன்னேங்க. சாவி எடுத்தது, விரல வெச்சது, எல்லாம். அவ கேக்கறா: "முப்பது வருஷமாப் பெயிண்டுலயே பொரளறீங்க. ஒரு நாளாச்சும் இப்படி வந்திருக்குதா? பெயிண்டத் தொட்டா அங்கயெல்லாமா வீங்கும்?" நியாயமான கேள்விதானே, நான் என்னத்தச் சொல்ல? விறுவிறுன்னு அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டா. நானும் பின்னாலயே போனேன். அந்தம்மா நான் சொன்னதையே சொல்லுச்சு: விரல்தான், என் மரப்பால்தான்னு. சொல்லிவெச்சாப்புல ரெண்டு பேரும் ஒரே பாட்டப் பாடறாங்கன்னு இவளுக்கு இன்னும் கோவம் ஏறிப்போச்சு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுன்னுட்டா.

அந்தம்மா எம் பொஞ்சாதிகிட்ட கெஞ்சலீங்க. என்னையப் பாத்துச்சு. "தை வரைக்கும் சார். பனி இருக்கற வரைக்கும்"னு எங்கிட்டதான் கேட்டுச்சு. வீடு எம் பேருலதான் இருக்குது. நான் தெய்வானையப் பாத்தேன். என்னங்க பண்ண முடியும், அந்த நேரத்துல நான் அந்தம்மாவுக்காக ஒரு வார்த்த பேசினா அதுக்கு வேற அர்த்தமாயிருமே? அப்படின்னு அப்ப நெனச்சேன்.

கெளம்பறன்னிக்கு அந்தக் கதவு ரெண்டையும் பொட்டியில வெச்சு, சுத்தி ஈரத்துணி வெச்சு, டாக்ஸியில மடியில தூக்கி வெச்சுக்கிச்சு. கண்ணாடிய எறக்கி தெய்வானைகிட்ட, "மேசை கழுவும்போது கையுறை போடுங்க அம்மா. கிண்ணத்துல கொஞ்சம் பால் மிச்சம் இருக்கு, தொட வேண்டாம்"னு சொல்லுச்சு. இவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. வண்டி திரும்பறதுக்குள்ள வெளக்கமாத்தையும் வாளியையும் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. கிண்ணத்த வெறுங்கையால எடுத்து வீசினா. அந்தம்மா இருந்த வாடையே இருக்கக் கூடாதுன்னு தரை, மேசை, அலமாரி எல்லாம் தேய்தேய்னு தேச்சா.

மூணாம் நாளு கண்ணாடி முன்னால நிக்கறா. ரெண்டு கண்ணும் மூடிக்கிச்சு, கழுத்தெல்லாம் தடிப்பு, கை முழங்கை வரைக்கும். நான் பயந்துட்டேன், கத்துவான்னு. கத்தல. வீங்கின கையக் கண்ணாடி முன்னால தூக்கிப் பாத்துட்டு, "அப்ப விரல்தான்"னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. பாத்தியா, நாந்தான் சொன்னேன்லன்னு கிட்டப் போனேன். திரும்பி, "அப்ப டீக்கடையில எதுக்குச் சிரிச்சீங்க?"ன்னா.

கிட்டப் போனவன் பின்னால நகந்துட்டேங்க. தப்புப் பண்ணிருந்தாக்கூட நான் பண்ணேன்னு சொல்லிட்டு அவ கால்ல விழுந்திருப்பேன். பண்ணாததுக்கு எதுக்குச் சிரிச்சேன்?

அவளேதான் அந்தம்மாவுக்குப் போன் போட்டா. அந்தம்மா அதட்டல, குத்திக்காட்டல. எத தடவோணும், எத தடவக் கூடாதுன்னு பொறுமையாச் சொல்லுச்சாம். கதவு எப்படி இருக்குன்னு இவ கேட்டதுக்கு, லாட்ஜ் பாத்ரூம்ல வெச்சிருக்கேன், கீழ சூடு ஜாஸ்தி, பூசினா மேல ஆடையாட்டம் சுருங்கிப்போகுதுன்னுச்சாம். மலைக்கே திரும்பி வந்துருங்கம்மான்னு இவ சொல்லிருக்கா. வரேன், ஆனா அங்க எல்லாரும் சிரிக்கறாங்கன்னுச்சாம். அதுக்கப்பறந்தான் இந்தக் கண்டிஷன். "சிரிச்ச எடத்துலயே போயி நின்னு சொல்லுங்க. இல்லேன்னா அந்தம்மா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த ரோட்டுல நடக்கும்?"னா. காலையில பஸ்ஸுல அவ முக்காடு போடல. வீங்கின மூஞ்சியோட மொத சீட்டுல ஒக்காந்துக்கிட்டு வந்தா. கேட்டவங்க கிட்டயெல்லாம், மரப்பாலு, எங்க வீட்டுக்காரருக்கும் இதுதான் வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தா. நான் பின்சீட்டுல பேப்பர விரிச்சுக்கிட்டு இருந்தேன்.

இவ்வளவுதாங்க. இதத்தான் சாயந்திரம் சொல்லோணும். கோர்வையா வந்துச்சா? பாருங்க, பாதியில நிக்காம சொல்லிட்டேனே. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லைன்னு தெளிவா வந்துச்சுல்ல?

ஏங்க, எதுக்குச் சிரிக்கறீங்க?

இல்லீங்க, நெசமா. விரலுதான். அட, கதையெல்லாம் இல்லீங்க, மரப்பாலுங்க அது, உள்ள டாக்டரே சொல்லுவாரு. என்னங்க தொடையில தட்டறீங்க? "வீட்டுக்கும் வாங்கிக் குடுத்துட்டீங்களா"வா? ஐயா, நான் இவ்வளவு நேரம் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னது என்ன? அந்தம்மா இந்நேரம் பாத்ரூம்ல ஈரத்துணி புழிஞ்சு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும். அதப் போயி... சிரிக்காதீங்க. கையெடுத்துக் கும்புடறேன். டீக்கடையிலயும் இப்படித்தான் சிரிப்பாங்களா? நான் எத்தன தரம் சொன்னாலுமா?

கதவு தொறக்குதுங்க. அவதான் வர்றா. அந்தச் சிரிப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உங்க மூஞ்சியப் பாத்தான்னா, நான் மறுபடியும் சிரிச்சேன்னு நெனச்சுக்குவா.